ஓவிய முகப்பின் வாய்மை: காதல் நகைச்சுவைத் திரைப்படங்களின் தொடக்கப் பெயர்க்காட்சி குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

திரைப்படத்தின் தொடக்கத்தில் படத்தின் பெயரும் அதனை உருவாக்கியோரின் பெயர்களும் தோன்றும் பகுதியைத் திரையுலகினர் டைட்டில் என வழங்குவர். இப்பகுதி நடிகர்களின் காட்சியாக அமையாமல் வரையப்பட்ட உருவங்களாலோ வெட்டியெடுத்த தாள்களாலோ அசையும் எழுத்துகளாலோ அமையுமாயின் அதனை ஓவிய முகப்பு எனக் குறிக்கலாம். காதல் நகைச்சுவைப் படங்கள் இவ்வகை முகப்பைப் பெரிதும் விரும்பிக் கையாண்டுள்ளன. வரைந்த உருவத்துக்கு வலி இல்லை, விழுந்தாலும் எழும், நசுங்கினாலும் மீண்டும் நிமிரும். 'இங்கு நிகழவிருப்பவை எவரையும் புண்படுத்தா. கவலையின்றிச் சிரிக்கலாம்' என்னும் உறுதிமொழியைச் சொல்லின்றியே அது பார்வையாளருக்கு வழங்கிவிடுகிறது.

அதனைத் தொடர்ந்து வரும் படத்தில் இயங்குவோரோ மனிதர்கள். அவர்கள் ஏமாற்றப்படுகின்றனர், கைவிடப்படுகின்றனர், பிறர் முன் தலைகுனிகின்றனர். அவ்வாறாயின் முகப்பு தந்த உறுதிமொழி மெய்யா பொய்யா என்னும் வினா எழுகிறது. இரண்டு மூன்று மணித்துளிகளே நீடிக்கும் ஓவியத்துக்கு அறக்கடமை ஏதேனும் உண்டா, உண்டெனின் அது யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாயிரம், நகை, உள்ளுறை, வாய்மை ஆகியன பற்றித் தமிழ் மரபு வகுத்துள்ள கருத்துகள் இவ்வாய்வுக்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

பாயிரமும் முகப்பும்

நூலுக்கு முன்னிற்கும் உரையைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு விரிவாகச் சிந்தித்துள்ளது. நன்னூல் பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை எனப் பிற பெயர்களையும் சுட்டுகிறது. இப்பெயர்கள் ஒரே பொருளைக் குறிப்பினும் ஒரே நோக்குடையன அல்ல. அணிந்துரையும் புனைந்துரையும் அழகூட்டுதலைக் குறிக்கின்றன. புறவுரை, நூலுக்குப் புறத்தே நிற்றலைச் சுட்டுகிறது. தந்துரை என்பதற்கு நூலுள் சொல்லப்படாததனைத் தந்து உரைப்பது என விளக்கம் கூறுவர். ஓவிய முகப்பும் இந்நான்கு தன்மைகளையும் ஒருங்கே உடையது. அது படத்தை அழகுசெய்கிறது. படத்துக்குப் புறத்தே நிற்கிறது. படத்தில் இல்லாத ஒன்றையும் சில வேளைகளில் தருகிறது.

சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியனவாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினை நன்னூல் வகுக்கிறது. திரை முகப்பில் ஆக்கியோர் பெயரும் படத்தின் பெயரும் எழுத்தால் தெரிவிக்கப்படுகின்றன. நுதலிய பொருளும் கேட்போரும் பயனும் பெரும்பாலும் ஓவியத்தாலும் வண்ணத்தாலும் இசையாலுமே உணர்த்தப்படுகின்றன. எழுத்து பிழைபடின் எவரும் உடனே சுட்டிக்காட்டுவர். ஓவியம் உணர்த்தும் பொருள் பிழைபடினோ அது எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே முகப்பின் வாய்மை பற்றிய வினா ஓவியத்தைச் சார்ந்தே எழுவதாகிறது.

நன்னூல் கூறும் மற்றொரு கருத்தும் இங்குக் கருதத்தக்கது. தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பதனால், சிறப்புப் பாயிரத்தை ஆசிரியனோ உடன் கற்றோனோ மாணாக்கனோ தக்க உரைகாரனோ செய்தல் வேண்டும் என்கிறது அந்நூல். திரைமுகப்பும் பெரும்பாலும் இயக்குநரின் கையால் ஆவதன்று. அதற்கென ஓர் ஓவியர் அல்லது வடிவமைப்பாளர் அமர்த்தப்படுகிறார். படப்பிடிப்பு முடிந்து படத்தொகுப்பு ஓரளவு வடிவு பெற்ற நிலையில் அவர் படத்தைக் காண்கிறார். அவ்வகையில் அவர் படத்தின் முதல் வாசகர்களுள் ஒருவர். முகப்பினை விளம்பரம் எனக் கொள்வதனினும் ஓர் உரைகாரரின் சொல் எனக் கொள்வதே பொருந்தும். விளம்பரக்காரருக்கு இல்லாத பொறுப்பு உரைகாரருக்கு உண்டு.

முகப்பு உருவாகும் முறை

இப்பொறுப்பு எவ்வளவு உழைப்பின் வழி நிறைவேற்றப்படுகிறது என்பதனையும் நோக்குதல் வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. கையால் வரையும் அசைவூட்டத்தில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துதல் பரவலான வழக்கம். அவ்வழக்கின்படி இரண்டு மணித்துளி முகப்புக்கு 2880 சட்டகங்களும் அவற்றுக்கென 1440 ஓவியங்களும் தேவைப்படும். இடம்பெற வேண்டிய பெயர்களும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் ஒப்பந்தங்களால் முன்பே உறுதிசெய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயரும் படிப்பதற்குப் போதிய நேரம் திரையில் நிற்றல் வேண்டும். இக்கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே ஓவியர் தம் கருத்தைக் காட்சிப் பலகைகளாக வரைந்து, இசையின் கால அளவுக்கு ஏற்ப அமைக்கிறார்.

முகப்பு ஒரு காலத்தில் மதிப்பற்றிருந்தது. திரையரங்கின் திரைச்சீலை விலகுவதற்கு முன்பே அதனை ஓட்டிவிடும் வழக்கமும் இருந்தது. 1955இல் வெளிவந்த 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்குச் சால் பாஸ் தாள் வெட்டு வடிவங்களால் முகப்பு அமைத்தபோது, சீலையை விலக்கிய பின்னரே முகப்பை ஓட்டுமாறு படச்சுருள் பெட்டிகளில் குறிப்பு ஒட்டப்பட்டது எனத் திரை வரலாற்றாளர் கூறுவர். அலங்காரம் என்னும் நிலையிலிருந்து உரை என்னும் நிலைக்கு முகப்பு உயர்ந்தமையை இச்செய்தி காட்டுகிறது.

நகையின் நிலைக்களன்கள்

நகை தோன்றும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. எள்ளல் என்பதற்குத் தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதலும் என இருநிலைகளை உரையாசிரியர் காட்டுவர். சிரிப்பு எல்லாம் ஒரு தன்மையதன்று என்பதும், யார் யாரைக் கண்டு சிரிக்கிறார் என்பதனைப் பொறுத்து அதன் இயல்பு மாறும் என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

காதல் நகைச்சுவைப் படத்தின் முகப்பு இந்நான்கனுள் எதற்குப் பார்வையாளரை ஆயத்தம் செய்கிறது என்பதே அதன் அறத்தைத் தீர்மானிப்பதாகும். கதை நிகழ்ச்சிகளை முன்கூட்டிச் சொல்லுதல் முகப்பின் வேலையன்று. எவ்வாறு நோக்க வேண்டும் என்பதனையே அது கற்பிக்கிறது. காதலரின் பேதைமையைக் கண்டு பரிவுடன் சிரிக்கக் கற்பிக்கும் முகப்பு ஒருவகை. ஒருவரைப் பொருளாக்கி எள்ளி நகையாடக் கற்பிக்கும் முகப்பு மற்றொரு வகை. இவ்வேறுபாட்டைச் சில படங்களின் வழி விளக்கலாம்.

தன்னைத் தானே சொறியும் எழுத்து

பில்லி வைல்டர் இயக்கிய 'தி செவன் இயர் இட்ச்' (1955) படத்துக்கும் சால் பாஸே முகப்பு அமைத்தார். வண்ணக் கட்டங்கள் கதவுகளைப் போலத் திறந்து பெயர்களைக் காட்டுகின்றன. படத்தின் பெயர் தோன்றும்போது, அரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலுள்ள ஓர் எழுத்து தன்னைத் தானே சொறிந்துகொள்கிறது. மணவாழ்வின் ஏழாம் ஆண்டளவில் எழும் மனச் சலனத்தையே படத்தின் பெயர் சுட்டுகிறது. தினவு என்னும் தமிழ்ச்சொல்லும் உடலரிப்பையும் மனத்தின் அடங்காமையையும் ஒருங்கே குறிப்பது ஒப்புநோக்கத்தக்கது.

மனைவியும் மகனும் கோடை விடுமுறைக்குச் சென்றபின் நியூயார்க் நகரில் தனித்திருக்கும் ஒருவன், மேல்தளத்தில் குடிவந்த இளம்பெண்ணைப் பற்றிப் பலவாறு கற்பனை செய்து அலைக்கழிவதே கதை. ஜார்ஜ் ஆக்செல்ராடின் நாடகம் இதன் மூலமாகும். நாடகத்தில் அவ்வுறவு எல்லை கடக்கிறது. அமெரிக்கத் திரைத்துறையின் அக்காலத் தணிக்கை நெறி அதற்கு இடந்தராமையால் படத்தில் அது பெரிதும் கற்பனையளவிலேயே நிற்கிறது. மரிலின் மன்றோ ஏற்ற அப்பாத்திரத்துக்குப் படத்தில் பெயரில்லை. 'பெண்' என்று மட்டுமே அவள் குறிக்கப்படுகிறாள். காற்றில் உயரும் வெண்ணிற ஆடையுடன் அவள் நிற்கும் தோற்றமே இப்படத்தின் அடையாளமாக உலகெங்கும் பரவியது.

முகப்பு இவ்வழியைப் பின்பற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அங்குச் சிரிப்புக்கு இலக்காவது எழுத்தே, பெண்ணின் உடலன்று. அரிப்பு எடுப்பதும் சொறிவதும் ஒன்றே. சலனம் அவனுடையது, அதற்கு அவளைப் பொறுப்பாக்குதல் தகாது என்னும் நுண்பொருளை அச்சிற்றசைவு தருகிறது. இது எள்ளலாயினும் தன்மேல் திரும்பிய எள்ளலாகும். ஓரிடத்தில் படமே தளர்ந்துவிடினும், அதன் உரைகாரர் தளராதிருக்க இயலும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். படம் அவளுக்குப் பெயர் தர மறந்தது. முகப்போ அவனுடைய நோய்க்குச் சரியான பெயரைத் தந்தது.

கோபுரம் உயர்ந்த கதை

பாயிரத்துக்கு உவமை கூறும் நன்னூல், மாளிகைக்குச் சித்திரத்தையும் மாநகருக்குக் கோபுரத்தையும் மகளிருக்கு அணிகலனையும் எடுத்துக்காட்டுகிறது. இவ்வுவமைகளில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. சித்திரத்துக்காக மாளிகை எழுப்பப்படுவதில்லை.

பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி பிங்க் பாந்தர்' (1963) காதலும் களவும் கலந்த நகைச்சுவைப் படமாகும். படத்தின் பெயர் ஒரு வைரக்கல்லைக் குறிப்பது. ஒளியில் நோக்கின் அக்கல்லுள் சிறுத்தை போன்றதோர் உருத் தெரியும் என்பதே பெயர்க் காரணம். டிபேட்டி–ஃபிரெலெங் நிறுவனத்தார் அமைத்த முகப்பில் இளஞ்சிவப்புச் சிறுத்தை ஒன்று தோன்றிப் பெயர்களோடு விளையாடுகிறது. படத்தின் கதையில் அப்படியொரு விலங்கு இல்லை. பின்னர் அச்சிறுத்தை தனிக் குறும்படங்களின் நாயகனாயிற்று. அவ்வரிசையின் முதற்படமான 'தி பிங்க் ஃபிங்க்' (1964) ஆஸ்கார் விருதும் பெற்றது. படத்தைக் காணாதோரும் அச்சிறுத்தையை அறிவர்.

இதனைப் பாயிரம் நூலை விழுங்கியதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். விசயநகர, நாயக்கர் காலக் கோயில்கள் பலவற்றில் கருவறை விமானத்தினும் கோபுரம் ஓங்கி நிற்பது போன்றது இது. தஞ்சைப் பெரிய கோயிலில் இம்முறை தலைகீழாக அமைந்து விமானமே ஓங்கி நிற்கிறது. கோபுரம் உயர்ந்தமையால் கோயிலுக்குக் குறை நேர்ந்தது எனக் கூறுவாரில்லை. உள்ளே செல்லும் வழியை அது மறைக்காத வரை அதன் உயரம் குற்றமாகாது. சிறுத்தையும் படத்தைப் பற்றிப் பொய் கூறவில்லை. பிடிபடாத கள்வன், ஏமாறும் காவலர், கைமாறும் பொருள் ஆகிய படத்தின் இயல்புகள் அவ்விலங்கின் நடையிலேயே அமைந்துள்ளன. நிகழ்ச்சியளவில் மெய்யில்லாத ஒன்று தன்மையளவில் மெய்யாக இருத்தல் கூடும் என்பது இதனால் புலனாகிறது.

பந்தயத்தில் இல்லாதவள்

இந்தியச் சூழலில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புவது சாயி பராஞ்ச்பே இயக்கிய 'கதா' (1983) என்னும் இந்திப் படமாகும். முயலும் ஆமையும் எனப் பொருள்படும் பெயருடைய மராத்தி நாடகம் ஒன்றனைத் தழுவியது அது. படத்தின் தொடக்கத்திலேயே முயல் ஆமைப் பந்தயக் கதை சித்திர வடிவில் முன்வைக்கப்படுகிறது. பின்னர் மும்பையின் சால் எனப்படும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் கதை நிகழ்கிறது. அடக்கமும் உழைப்பும் உடைய ராஜாராம் ஆமை. பேச்சால் எவரையும் மயக்கும் பாசு முயல். நசீருதீன் ஷாவும் ஃபாரூக் ஷேக்கும் இப்பாத்திரங்களை ஏற்றனர். இருவருக்கும் இடையில் நிற்பவள் தீப்தி நவல் நடித்த சந்தியா.

பந்தயக் கதையில் ஓடுவோர் இருவர். மூன்றாவதாக உள்ளது எல்லைக்கல். அவ்வாறாயின் சந்தியாவுக்கு அக்கதையில் உரிய இடம் எல்லைக்கல்லே ஆகிறது. எல்லைக்கல்லுக்கு விருப்பமோ வருத்தமோ இல்லை. முதலில் வந்து தொடுபவருக்கு அது உரியது. சிறுவர் கதையாக நோக்குமளவில் குற்றமற்ற அவ்வோவியம், காதல் கதைக்கு முகப்பாக நிறுத்தப்படும்போது பெண்ணைப் பரிசுப்பொருளாக்கும் இடரை உள்ளடக்குகிறது.

படம் இவ்விடரைக் கடப்பதிலேயே அதன் சிறப்பு அடங்கியுள்ளது எனலாம். சந்தியா பாசுவையே விரும்புகிறாள். அவள் ஏமாற்றப்படுவதும் கைவிடப்படுவதும் விளையாட்டாகக் காட்டப்படவில்லை. அவளை ராஜாராம் ஏற்பது வெற்றிக் கோப்பையைப் பெறுவது போன்றும் அமையவில்லை. முயலும் தோற்று நாணுவதாக இல்லை. அது அடுத்த வயலை நோக்கி ஓடிவிடுகிறது. முகப்பிலுள்ள நீதிக்கதை கூறும் நீதி படத்தின் முடிவுக்கு முழுமையாகப் பொருந்தாமல் நிற்கிறது. அப்பொருத்தமின்மையே பார்வையாளரைச் சிந்திக்கத் தூண்டுகிறது. ஆகவே முகப்பு முழு உண்மையைக் கூற வேண்டும் என்னும் கட்டாயமில்லை. தான் விட்டுவிட்டதனைப் படம் நிறைவு செய்யும் வகையில் இடம் விட்டு நிற்பின் அதுவே போதுமானது. அதே முகப்பை, பெண்ணை எல்லைக்கல்லாகவே கருதும் வேறொரு படத்துக்கு வைத்திருந்தால் அது அக்கொடுமைக்குத் துணைபோயிருக்கும்.

உள்ளுறையாக அமையும் முகப்பு

உவமையை வெளிப்படக் கூறாது கருப்பொருள்களின் வழி உணரவைக்கும் நெறியினைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. இந்நெறிக்கு அணுக்கமாக நிற்பது ஜேசன் ரைட்மன் இயக்கிய 'ஜூனோ' (2007) படத்தின் முகப்பு. பதினாறு வயதில் கருவுற்ற சிறுமி ஒருத்தியின் கதையைக் காதலும் நகையும் கலந்து கூறும் படம் இது. ஷேடோபிளே ஸ்டுடியோவைச் சார்ந்த கேரத் ஸ்மித்தும் ஜென்னி லீயும் இம்முகப்பை அமைத்தனர். நாயகி நடப்பதை ஒளிப்படங்களாக எடுத்து, அவற்றை நகலெடுக்கும் பொறியில் மீண்டும் மீண்டும் நகலெடுத்து, வண்ணம் தீட்டி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, அசைவூட்டினர். ஒவ்வொரு படியும் தனித்தனியே உருவானமையால் கோடுகள் சற்றே நடுங்குகின்றன.

அவள் இலையுதிர்காலத் தெருக்களில் நடந்து செல்கிறாள். கருவுற்றமையை மீண்டும் சோதித்தறிவதற்கான பொருளை வாங்கவே அவள் செல்கிறாள் என்பது பின்னரே தெரிகிறது. முகப்பில் நகைப்புக்குரிய வயிறோ அழும் குழந்தையோ வரையப்படவில்லை. இலைகள், தெரு, நடை, நடுங்கும் கோடு ஆகியனவே உள்ளன. தன்னம்பிக்கையோடு நடக்கும் உருவத்தின் விளிம்பு மட்டும் நிலைகொள்ளாதிருப்பது அவள் அகநிலைக்கு உள்ளுறையாக அமைகிறது. நகையின் நிலைக்களன்களுள் இளமையைத் தேர்ந்துகொண்ட இம்முகப்பு, அவ்விளமைக்கு நேரவிருக்கும் பாரத்தையும் மறைக்கவில்லை.

தீங்கின்மை என்னும் அளவுகோல்

நகைச்சுவை ஒரு விளையாட்டு என்பதனைப் பார்வையாளர் அறிவர். ஓவியத்தை எவரும் உறுதிமொழியாகக் கொள்வதில்லை. ஆதலின் இங்கு வாய்மையைத் தேடுதல் மிகை எனக் கூறுவாரும் உளர். தொடர்களின் முகப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய பின்னர், பலர் காணாமலே கடக்கும் ஒன்றுக்கு அறம் வகுப்பது எதற்கு என்னும் வினாவும் எழக்கூடும்.

இதற்கு விடை காண வள்ளுவர் வாய்மைக்குத் தரும் இலக்கணம் துணைபுரிகிறது. நிகழ்ந்ததனை அவ்வாறே கூறுதல் என அவர் வாய்மையை வரையறுக்கவில்லை. எவருக்கும் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தரின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பதும் அவர் கருத்து. கபிலரின் குறிஞ்சிக்கலியில், நீர் கேட்டு வந்து கையைப் பற்றிய இளைஞனைக் கண்டு அலறிய தலைவி, தாய் வந்து வினவியதும் அவனுக்கு நீர் விக்கியதாகக் கூறிக் காக்கிறாள். அது பொய், ஆயினும் எவருக்கும் தீங்கில்லை. தமிழின் மிகச் சிறந்த காதல் நகைச்சுவைக் காட்சிகளுள் ஒன்று இவ்வாறு தீங்கற்ற பொய் ஒன்றன்மேல் நிற்கிறது.

இவ்வளவுகோலின்படி, இல்லாத சிறுத்தையை வரைதல் குற்றமன்று. ஆனால் கேலிக்குரிய ஒருவர் உண்டு என்றும், அவர் வலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் ஓவியம் முன்பே கற்பித்துவிடின் அது தீங்காகிறது. பருத்த உடலையோ கருத்த நிறத்தையோ மூப்பையோ கோட்டால் மிகைப்படுத்திச் சிரிப்புக்கு இலக்காக்கும் முகப்பு இவ்வகையினது. ஓவியம் மென்மையாக இருப்பதனாலேயே அத்தீங்கு கவனத்துக்கு வராமல் மனத்துள் புகுகிறது. ஒரு சிலரே காணினும் பொறுப்பு குறைவதில்லை. பாயிரத்தைப் பலர் படிப்பதில்லை என்பதனால் உரைகாரர் அதில் பிழைபட எழுதுதல் பொருந்தாது.

முகப்புக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது பெயர்களுக்குரிய இடம். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனையாளர், அவர்தம் உதவியாளர் எனப் பலருடைய உழைப்பு பார்வையாளருக்கு அறிவிக்கப்படும் இடம் இதுவே. எட்டுப் பொருள்களைக் கூறும் நன்னூல் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தது. ஓவியம் கண்ணைக் கவர்ந்து பெயரைப் படிக்கவிடாமற் செய்யுமாயின், அழகின் பொருட்டு உழைத்தோரின் உரிமை பறிக்கப்படுகிறது. சொறியும் எழுத்தும் திறக்கும் கதவும் பெயரை நோக்கியே கண்ணைச் செலுத்தின என்பது நினையத்தக்கது.

முடிவுரை

ஓவிய முகப்பு படத்துக்குப் பாயிரமாகவும், அதனை அமைப்பவர் உரைகாரராகவும் கருதத்தக்கவர் என்பது மேற்கண்டவற்றால் அறியலாகிறது. முகப்பின் வாய்மை, கதையில் உள்ளதனை அவ்வாறே வரைவதில் இல்லை. எத்தகைய சிரிப்புக்கு அது மனத்தை ஆயத்தம் செய்கிறது என்பதிலும், அச்சிரிப்பு எவரையேனும் பொருளாக்குகிறதா என்பதிலும் உள்ளது. படம் தளரும் இடத்தில் முகப்பு அறத்தைக் காத்து நிற்கவும் கூடும். முகப்பு விட்ட இடத்தைப் படம் நிறைவு செய்யவும் கூடும். இரண்டும் ஒருசேரத் தவறும்போதே பார்வையாளர் ஏமாற்றப்படுகின்றனர்.

காதல் நகைச்சுவைக்கு முகப்பு வரையும் ஓவியர் தம் முதற்கோட்டை இடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. இங்குச் சிரிப்புக்கு உள்ளாகும் மனிதர் திரையரங்கில் அமர்ந்து இவ்வோவியத்தைக் காண நேரின், அவரும் பிறரோடு சேர்ந்து சிரிப்பாரா என்பதே அவ்வினா. சிரிப்பார் என்னும் துணிவு இருப்பின் எவ்வளவு மிகைபட வரையினும் அது பொய்யாகாது.